இடது பக்கம்தான் வேணும்

“சார்ஜ் போடுற இடம் இடது பக்கம் இருக்கிற கார்தான் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னியே, இப்பப் பார்! நம்ம பிளக் வலது பக்கச் சுவத்துல இருக்கு. ஒயர் எட்டவே மாட்டேங்குது” என்று தலையைப் பிய்த்துக்கொண்டார் சின்னவர்.

“இடது பக்கம் உங்க அண்ணன் வீட்டு மதில்தானே? அவர்கிட்டக் கேளுங்க” என்றாள் மனைவி.

“சொத்து பிரிச்ச நாள்லேருந்து முகம் குடுத்துப் பேசாத மனுஷன்கிட்ட நான் போய் நிக்கணுமா? பேசாம வண்டியைத் திருப்பி நிறுத்து.”

“எனக்கு ரிவர்ஸ் வராது. உங்களுக்கு வண்டியே ஓட்ட வராது. காலையில நான் வேலைக்குப் போகணும்” என்றவள் உள்ளே போய்விட்டாள்.

சின்னவர் மென்று விழுங்கி மதிலருகே போனார். “அண்ணே... ஒரு பிளக் பாயின்ட்...”

எட்டிப் பார்த்த அண்ணனின் முகத்திலும் ஒரே குழப்பம்.

“இந்த மதில்லயே புதுசா ஒண்ணு இருக்குடா. போன வாரம் உங்க அண்ணி அடம்பிடிச்சுப் போட வச்சா. காரே இல்லாத வீட்டுக்குக் கார் பிளக் எதுக்குடின்னு கேட்டா, வாயே திறக்க மாட்டேங்கிறா!”

அண்ணனும் தம்பியும் திருதிருவென்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டு வீட்டு ஜன்னல்களும் ஒரே நேரத்தில் சாத்திக்கொண்டன. உள்ளே யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள், இரண்டு வீட்டிலும்.