பாதி அழுகல்

கதியால் வேலிக்கு மேலால் சோமசேகரம் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். காலந்தப்பிக் கொட்டிய மழை விட்டு, வெயில் மஞ்சளாய் விழுகிறது. இவனுடைய மிளகாய் முழுக்க அழுகிவிட்டது. அடுத்த வளவிலும் அதே கதிதான். அங்கே முத்துக்குமாரு நனைந்த பாயில் கிடக்கும் மிளகாயைக் கிளற, எதிரே சாரத்தை மடித்துக் குந்தியிருந்து கறுத்த பழங்களைப் பொறுக்குகிறார் சோனகத்தெரு வியாபாரி அசனாலெப்பை. அந்தத் தோட்டம் இருவரும் சரிபாதி முதல் போட்ட கூட்டு. வட்டி அவருடைய மார்க்கத்தில் ஆகாது. தையில் சோமசேகரத்தையும் கூட்டுக்குக் கேட்டவர்தான். "லாபத்திலை பாதியை ஏன் அள்ளிக் குடுப்பான்?" என்று இவன் வேறிடத்தில் வட்டிக்கு வாங்கினான். "விளைஞ்சால் பாதி எண்டுதானே பேச்சு, காக்கா?" முத்துக்குமாரு பாயைப் பார்த்தபடி கேட்கிறான். "அழிஞ்சாலும் பாதிதான், தம்பி." சொல்லிக்கொண்டே மிளகாய்க் கையால் கண்ணைக் கசக்கிவிட்டு அவர் துள்ள, முத்துக்குமாரு சிரித்தே விடுகிறான்.  சோமசேகரத்தின் மனைவி மகாதேவி பின்னால் வந்து ஆறுதல் சொல்கிறாள்: "எங்கடை மட்டுமோ? அவன்ரையும் முழுக்க அழுகிப் போச்சு." அவன் வேலியோலையைப் பிய்க்கிறான். "இல்லையடி. அவனுக்குப் பாதிதான் அழுகினது."