அக்கரை டவர்

"அக்கரையில நெட்டு ஓடியிருக்குன்னு காட்டுதுக்கா" என்றபடி போன் கம்பெனி கவுண்டரில் இருந்த பெண் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டாள்.

பைக்குள் போன் பில் இருந்தது. சவப்பெட்டிக்கு முன்பணமும் இருந்தது.

சண்டை போடத்தான் வந்திருந்தாள். கொழுந்தன் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தான். "செத்தவன் நெட்டு பாப்பானா மதினி? கேக்க நாதியில்லன்னு கொள்ளையடிக்கிறானுவ. விடாதீங்க."

பஸ்ஸில் வரும்போது அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். செத்தவன் என்கிற இடம் வந்ததும் ஒவ்வொரு தடவையும் நின்றுபோனது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடலுக்குப் போனவன்.

படகு கவிழ்ந்து கிடைத்தது. கூடப் போன இருவரும் கரை ஒதுங்கினார்கள், உயிரில்லாமல். அவள் புருஷன் ஒதுங்கவில்லை. அவனோடு போன போனும் ஒதுங்கவில்லை.

உடம்பு கிடைக்காதவர்களுக்கு இங்கே உடுப்பை அடக்கம் செய்வார்கள். பெட்டி உண்டு. கோயில் மணி உண்டு. ஃபாதர் ஜெபம் சொல்வார். பெட்டிக்குள் ஒரு சட்டையும் ஒரு கைலியும் மல்லாந்து கிடக்கும். அதைப் பார்த்துத்தான் அழ வேண்டும்.

தவக்காலம் தொடங்குவதற்குள் முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசி, வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துவிட்டார்கள்.

எந்தச் சட்டை என்று நாலைந்து பேர் கேட்டாயிற்று. அவள் இன்னும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அவன் நம்பரும் அவள் பேரில்தான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பில். அவன் நம்பரை வெட்டிவிடச் சொன்னார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகும் பில் வந்தது. அவன் நம்பருக்கு நேரே வாடகை மட்டும் இருக்கும். நெட் என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கும்.

இந்த மாதம் பூஜ்யம் இல்லை.

"பயப்படாதீங்க. இங்க எல்லாருக்கும் வர்றதுதான்" என்றாள் கவுண்டர் பெண். "நம்ம கரையில நின்னாலே சில நேரம் கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டு டவர் புடிச்சிரும். போன் இந்தப் பக்கந்தான் இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மொத்தத்தையும் கழிச்சிரலாம்."

நல்ல பெண். முதலாளி பணத்தைக் கழித்துக் கொடுப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரு வார்த்தை.

போன் இந்தப் பக்கந்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் யாரும் போய்ச் சேரவில்லை என்று, தன் வாயால்.

அவள் தன் போனை எடுத்தாள்.

'பாப்பா அப்பா' என்று பதிந்திருந்த பெயரைத் திறந்தாள். படகு கிடைத்த நாளிலிருந்து திறக்காத பெயர்.

கடைசியில் மகளின் குரல் கிடந்தது. அப்பா, ஸ்டார் கட்டியாச்சு, சீக்கிரம் வாங்க. அன்றைக்கு ஒற்றை டிக்தான் விழுந்தது. எப்போது பார்த்தாலும் ஒற்றையாகவே இருக்கும் என்ற பயத்தில் அவள் அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது இரண்டு இருந்தன.

பக்கத்தில் மைக் படம் நீலமாகியிருந்தது.

அனுப்பிய குரலை அந்த முனையில் ஓட்டிக் கேட்டால்தான் அது நீலமாகும். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்.

யாரோ கேட்டிருக்கிறார்கள்.

கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை.

போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

கிடந்த போனை எவனோ எடுத்துத் தட்டிப் பார்த்திருக்கலாம். அவன் பூட்டு எதுவும் போடுகிறவன் இல்லை. அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவளும் பச்சைப்பிள்ளை இல்லை.

ஆனால் கடலுக்குப் போகும்போது போனை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்வான். கயிற்றில் அவளே முடிச்சுப் போட்டுவிடுவாள். தானாக அவிழாத முடிச்சு.

அதைக் கழற்ற ஒரு கை வேண்டும்.

யாருடைய கை என்பதுதான் தெரியவில்லை.

"சொல்லுங்கக்கா. கழிச்சிரவா?"

அவள் பையைத் திறந்தாள். பெட்டிக்கென்று கொழுந்தன் ரப்பர் பேண்ட் சுற்றிக் கொடுத்த நோட்டுகளைக் கவுண்டரில் வைத்தாள்.

"கட்டவே வேணாங்கேன், நீங்க..."

"எடுத்துக்கம்மா."

அந்தப் பெண் அவளையும் பணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள். ரசீது வந்தது. மனசு கேட்காமல் இன்னொன்றும் கேட்டாள். "இனிமே இப்படி வராம ரோமிங்க நிறுத்தி வச்சிரவா?"

"வேணாம். அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

வெளியே வெயில். எதிர்வரிசையில் சவப்பெட்டிக் கடை. ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

அவள் அந்தப் பக்கம் போகவில்லை. பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள்.

கையில் போன் அடித்தது. ஒரு நொடி உயிரே போய் வந்தது. கொழுந்தன்தான்.

"என்ன மதினி, பில்லு தப்புன்னு ஒத்துக்கிட்டானுவளா?"

"இல்ல தம்பி" என்றாள். "சரியாத்தான் போட்டிருக்காங்க."