தூசி தட்டிய ரேம்

நானும் சகலையும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய பழைய ஆபீஸ் லேப்டாப்புகள். அவருடையது பறக்கிறது. என்னுடையது இப்போதெல்லாம் திறக்கவே அரைமணி நேரமாகிறது. போன மாதம் அவரே வந்து, கழற்றித் தூசி தட்டிக் கொடுத்தும் இன்னும் மோசமாகத்தான் ஆனது.

“எதுக்கும் கைராசி வேணும் சகலை” என்று சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

ஞாயிறன்று என்னுடையதையும் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் குளிக்கப் போனதும் இரண்டையும் திறந்தேன். வேகம் இருப்பதே உள்ளே செருகியிருக்கும் ரேமில்தான். அதை மாற்றிப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அவருடைய ரேமை உருவினேன். ஓரத்தில் சிவப்பாக ஒரு நகப்பாலிஷ் புள்ளி. சர்வீஸ் கடையில் மாற்றிவிடக் கூடாதென்று, என் ரேமில் என் மனைவி வைத்த புள்ளி.

“என்ன சகலை பண்றீங்க?” துண்டோடு நின்றார்.

“தூசி தட்டுறேன் சகலை. நீங்க தட்டின மாதிரியே.”