ஒராளைத் திருப்பி அனுப்பவேணும்

"ஆறாம் வகுப்புக்கு அஞ்சு பேர் வந்திருக்கினம். நாலு பேரை எடுப்பம். ஒராளைத் திருப்பி அனுப்புவம்" என்றார் அதிபர் கனகசபை.

அஜந்தா ரீச்சருக்கு விளங்கவில்லை. அவள் இந்தத் தீவுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து மூன்று கிழமைதான்.

"வகுப்பில முப்பத்தைஞ்சு கதிரை கிடக்கு, சேர்."

"கதிரையைப் பாத்தே பிள்ளை எடுக்கிறது? இடம்பெயர முந்தி இஞ்ச இருநூறு பிள்ளையள் வந்தா நாப்பதைத்தான் எடுப்பம். ஒருத்தரையும் திருப்பி அனுப்பாத பள்ளிக்கூடத்தை ஆர் மதிப்பினம்? வந்தவை எல்லாரையும் எடுக்கினமாம் எண்டு கதை போனா, இருக்கிற அஞ்சையும் பட்டினத்துக்கு பஸ் ஏத்திப்போடுவினம். ஒராளையெண்டாலும் திருப்பி அனுப்பவேணும். அது இந்தப் பள்ளிக்கூடத்தின்ர முறை."

அந்த ஒராள் ஆர் என்பது காலமையே தெரிந்துவிட்டது. சுருவிலில் இருந்து வந்த கிறிஸ்ரினா. இடப்பெயர்வில் இரண்டு வருசம் பள்ளிக்கூடப் பக்கமே போகாத பிள்ளை.

"இலங்கையில நீளமான ஆறு எது?" என்று அதிபர் கேட்டதற்கு, "ஆறு நான் காணேல்லை, சேர். கடல்தான் கண்டனான்" என்று சொல்லிவிட்டாள்.

விறாந்தை வாங்கில் தாய் றஞ்சனி செபமாலையோடு அமர்ந்திருந்தாள்.

"பிள்ளை எப்பிடிச் செய்தவள், ரீச்சர்?"

"கடலைப் பற்றி நல்லாச் சொன்னவா."

றஞ்சனிக்கு விளங்கிவிட்டது. "இஞ்ச கிடைக்காட்டி வேற எங்கயும் அனுப்ப எங்களால ஏலாது. வீட்டிலதான் நிப்பாட்டவேணும்" என்றாள், மெல்ல.

அஜந்தா திரும்பவும் உள்ளே போனாள்.

"சேர், அந்தப் பிள்ளையைப் பின்னேரங்களில வைச்சு நான் படிப்பிக்கிறன்."

"நல்ல விசயம். ஆனா முறை முறைதான்."

அந்த நேரம், வாசலில் காவல் நிற்கும் வோச்சர் ஐயாத்துரை தலையை நீட்டினார். "சேர், இன்னுமொரு விண்ணப்பம் வந்திருக்கு."

"ஆற்ற பிள்ளை?"

"பிள்ளை இல்லை. கிறிஸ்ரினாவின்ர தகப்பன்."

இராயப்பு வள்ளத்தால் இறங்கின கையோடு வந்திருந்தான். சாரத்தில் ஈரம் காயவில்லை. படிவத்தை மேசையில் வைத்தான்.

பெயர்: இராயப்பு. வயது: 43. படித்த வகுப்பு: ஐந்து. சேர விரும்பும் வகுப்பு: ஆறு.

"சேர், இது பகிடி" என்றாள் அஜந்தா.

அதிபர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "படிவத்தில வயதெல்லை போடேல்லை, ரீச்சர். இரும், இராயப்பு."

இராயப்பு தோற்பதற்கென்றே வந்தவன். கரைச்சல் என்னவென்றால், அவனுக்கு விடைகள் தெரிந்திருந்தன.

"எட்டுப் பேர் இழுத்த வலையில நூற்றிநாப்பத்திநாலு மீன். ஆளுக்கு எத்தினை?"

"பதினெட்டு. ஆனா வள்ளத்துக்கு ஒரு பங்கு தள்ளவேணும், சேர். ஒம்பதாப் பிரிச்சா ஆளுக்குப் பதினாறு."

அதிபரின் முகம் சுருங்கிப் போயிற்று. "நீளமான ஆறு?"

"மகாவலி."

யன்னலுக்கு வெளியே இருந்து றஞ்சனியின் குரல் வந்தது. "இஞ்சருங்கோ, பிழையாச் சொல்லுங்கோவன்."

"தெரிஞ்சதைக் கேட்டா என்னெண்டு சொல்லாம இருக்கிறது?" என்றான் இராயப்பு. நெஞ்சு நிமிர்ந்திருந்தது. "இன்னும் கேளுங்கோ, சேர்."

அதிபர் கேட்டார். ஒன்பதாம் வாய்ப்பாடு தலைகீழாக வந்தது. திசைகள் எட்டும் காற்றுகளின் பெயரோடு வந்தன. அதிபர் லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். இந்தப் போக்கில் போனால் முதலாம் பிள்ளையாக இராயப்புவைத்தான் எடுக்கவேண்டி வரும்.

"சரி, கடைசிக் கேள்வி. ஆறாம் வகுப்பு ஆம்பிளைப் பிள்ளையள் நீலக் கட்டைக் காற்சட்டை போட்டுத்தான் வரவேணும். போடுவீரோ?"

இராயப்பு குனிந்து தன் முழங்கால்களைப் பார்த்தான். கனநேரம் பார்த்தான்.

"ஏலாது, சேர்."

"அப்ப இடமில்லை."

இராயப்பு எழும்பிப் போனபோது, மெய்யாகவே கொஞ்சம் கவலைப்பட்டவன் போலத்தான் இருந்தான்.

மத்தியானம் பலகையில் பட்டியல் ஒட்டப்பட்டது. விண்ணப்பித்தோர் ஆறு. தெரிவானோர் ஐந்து. ஐந்தாவது பெயர் கிறிஸ்ரினா. றஞ்சனி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

றோட்டால் போன இரண்டு பேர் சைக்கிளை நிற்பாட்டி வாசித்தார்கள்.

"இந்த வருசமும் ஒராளைத் திருப்பி விட்டிட்டாராம்."

"இறுக்கமான மனிசன். அதுதான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மதிப்பு."

அஜந்தாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒரு வீண் பெருமைக்காக, கடலால் வந்த மனிதனை இருத்திவைத்துக் கேள்வி கேட்கிறதோ? வோச்சர் கரைக்கு ஓடிப்போய்ச் சொன்னபடியால் தகப்பன் வந்தான். வராவிட்டால் அந்தப் பிள்ளையின் கதி என்ன?

"ரீச்சர், திருப்பி அனுப்பின ஆளின்ர பெயரைப் பதிஞ்சுவிடும். காரணத்தையும் எழுதவேணும்" என்று அதிபர் ஒரு கொப்பியைத் தந்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அவள் கொப்பியை விரித்து, '2003: இராயப்பு, வயது 43, மீன்பிடி. காரணம்: காற்சட்டை' என்று எழுதினாள். பிறகுதான் மேலே இருந்தவற்றை வாசித்தாள்.

2002: வின்சன்ற், வயது 50, சைக்கிள் திருத்துநர். காரணம்: சுருட்டை விட மறுத்தமை.

2001: ஐயாத்துரை, வயது 58, வோச்சர். காரணம்: நேர்முகத்தின்போது நித்திரை.

அதற்கும் மேலே, பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த முதல் வருசம்.

2000: கனகசபை, வயது 56, அதிபர். காரணம்: கணக்குப் போதாது.