பேச்சு முடியும்வரை

கண்மாய்த் தண்ணீர்த் தகராறுகளைத் தீர்க்கும் நடுவராகத் தம் மைத்துனரையே நியமிக்கும் தீர்மானத்தை ஒன்றியக் கூட்டத்தில் கொண்டுவந்தார் தலைவர் உடையப்பன். உறுப்பினரின் பேச்சு முடியுமுன் ஓட்டெடுக்க முடியாது. ஆகவே அதை எதிர்த்த உறுப்பினர் முத்துராமன் காலையிலிருந்து பேசிக்கொண்டே இருந்தார். கண்டரமாணிக்கத்திலிருந்து அவர் பக்கத்து உறுப்பினர் தேனப்பன் வந்துவிட்டால், அந்த ஓர் ஓட்டில் தீர்மானம் தோற்றுவிடும்.

உடையப்பனே சோடா வரவழைத்துக் கொடுத்தார். "தொண்டைய நனைச்சுக்கிட்டு நிதானமாப் பேசுங்க."

பொழுது சாய்ந்தது. குரல் கட்டிப்போய் முத்துராமன் அமர்ந்தார். தீர்மானம் நிறைவேறியது.

உடையப்பன் மெல்ல அருகில் வந்தார். "தேனப்பன் வர்ற வழியிலயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியில இருந்து உங்களைக் கூப்பிட்டு ரெண்டு தடவை ஆளனுப்புனாரு. மதியம் தவறிட்டாரு."

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"பேசுறவுகளை யாரும் குறுக்க நிறுத்தக் கூடாதுன்னு போன மாசம் நீங்கதானே விதி கொண்டாந்தீக."