பாகம் பிரியாத காடு

"என் கையெழுத்து கிடைக்காதுண்ணா! அப்பா விட்டுட்டுப் போன காட்டை உன் மில்லு தின்ன விடமாட்டேன்."

பத்திரப் பதிவு அலுவலகமே திரும்பிப் பார்த்தது. தங்கை கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் நடத்துகிறவள். குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் போகும்.

அண்ணன் மர அறுவை மில் நடத்துகிறவர். சட்டையெல்லாம் மரத்தூள். மூவாயிரம் ஏக்கர் காடு இரண்டு பேருக்கும் பொது.

"படிச்சுட்டுத் திட்டும்மா."

"படிக்க என்ன இருக்கு? பூனையைப் பாலுக்குக் காவல் வெச்ச கதைதான்!"

பதிவாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அண்ணன் நீட்டிய பத்திரத்தைத் தானே வாசித்தார்.

"...காடு முழுவதையும் பொது அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்கிறோம். எக்காலத்திலும் பிரிக்கவோ விற்கவோ கூடாது. மக்கள் காலாற நடந்துவிட்டு வரப் பாதை விடவேண்டும். வன அலுவலர் குறித்துக் கொடுக்கும் முதிர்ந்த மரங்களை மட்டுமே வெட்டலாம்..."

தங்கை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணா?"

"ரெண்டு தடவை போன் பண்ணேன். 'காடு'ன்னு வாயெடுத்ததுமே வெச்சுட்டே."

"அப்ப உன் மில்லு?"

"குறிச்ச மரம் வந்தா ஓடும். வராத நாள்ல நானும் அதுவும் தூங்குவோம்."

"ஆளுக்குப் பாதியா பிரிச்சிருக்கலாம்ல?" அவள் குரல் இறங்கியிருந்தது.

"பிரிச்சா நடுவுல வேலி வரும். சிறுத்தைக்குப் பட்டா படிக்கத் தெரியுமா? அது நடக்க மொத்தக் காடும் வேணும்மா."

பதிவாளருக்குப் பொறுக்கவில்லை. "மரம் அறுக்கிற உங்களுக்கு எப்படிங்க இப்படி ஒரு மனசு?"

"அறுக்கிறதாலதான் சார். தினமும் மரத்துல வளையத்தை எண்ணுறேன். வளர நூறு வருஷம், அறுக்க நாலு நிமிஷம்."

பதிவாளர் தங்கையிடம் திரும்பினார். "ஆட்சேபணை ஏதாவது இருக்காம்மா?"

"பேனா கொடுண்ணா."

பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் கைப்பையைத் திறந்தாள். தன் பாதிக் காட்டைச் சொகுசு விடுதி கட்டுகிறவருக்கு விற்கத் தயாராக வைத்திருந்த ஒப்பந்தத்தை, சுக்குநூறாகக் கிழித்தாள்.