கடைமடை வரைக்கும்

"உனக்கு மூளை இருக்கா? உங்கம்மா ஆஸ்பத்திரியில தனியா கிடக்கா. இப்பப் போய் என்னை உன் ஆபீசுக்கு இழுத்துட்டு வர்றே!"

மகளிடம் பொரிந்துகொண்டே நுழைந்த ஓய்வுபெற்ற பாசன ஓவர்சியர், சுவரைப் பார்த்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

நூற்றிருபது திரைகளை ஒட்டவைத்த சுவர். அது முழுக்க வெள்ளைக் கோடுகள், கிளைக்குள் கிளையாகப் பிரிந்து ஓடின.

"எந்த ஆறும்மா இது? நான் பார்த்ததே இல்லையே!"

"அப்புறம் சொல்றேம்பா. ஓட்டம் எங்க தடைப்படுதுன்னு மட்டும் பாருங்க. எங்கள்ல யார் கண்ணுக்கும் சிக்கல."

முப்பது வருஷம் கரையிலேயே நடந்த மனுஷர். சுவரோரமாக நடந்தார். தள்ளி நின்றால் மொத்தமும் தெரிந்தது. மூக்கு உரச நின்றால் மயிரிழை வாய்க்கால்கூடப் பளிச்சென்று தெரிந்தது.

"அடேயப்பா! இது மனுஷன் வெட்டினதில்ல."

பாதி தூரத்தில் சட்டென்று நின்றார்.

"இதோ, இந்த வளைவுல அடைப்பு. பக்கத்து வாய்க்காலெல்லாம் வீங்கிக் கிடக்கு பாரு. தண்ணி கடைசி வயலுக்கு, கடைமடைக்கு எட்டவே எட்டாது."

மகள் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். உடனே போனை எடுத்தாள்.

"டாக்டர், அடைப்பு எங்கன்னு தெரிஞ்சிடுச்சு. படத்தை அனுப்பறேன், பாருங்க."

"டாக்டரா?"

"இது ஆறு இல்லப்பா. அம்மாவோட மூளை, அதுல ஓடுற ரத்தக்குழாய்ங்க. டாக்டர் குடுத்த ஸ்கேனைத்தான் இந்தச் சுவர்ல பெருசாப் போட்டிருக்கேன். நீங்க சொன்ன கடைமடைதான் அவங்களோட மரத்துப்போன வலது கை."

அவர் மெல்லப் பின்வாங்கி, அந்தச் சுவரை மறுபடி முழுசாகப் பார்த்தார்.

"இவ்வளவையும் உள்ள வச்சிருந்தவளையா நாப்பது வருஷமா 'உனக்கு மூளை இருக்கா'ன்னு கேட்டுக்கிட்டிருந்தேன்?"